பார்க்காமல் சொன்ன பதில்

மேல்தட்டில் நிற்பவள் கம்பியை இறக்கும்போது "போகுது" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவள் அதைக் கொக்கியால் பிடித்து, தன் தட்டில் உள்ள துளைக்குள் நுழைத்து, டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்து, பக்கத்துக் கம்பியில் படாமல் தனியாகத் தொங்குகிறது என்று தெரிந்த பிறகு "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் மேலே இருப்பவள் கம்பியைச் சிறிய பித்தளைக் குழாயில் வைத்து நசுக்கி நிறுத்துவாள். விதி இவ்வளவுதான். அதை முதல் வாரத்திலேயே கெடுத்தவள் ஹிசாயோ.

ஹிசாயோ தாமரைக்கிழங்கு விளைவிக்கிற குடும்பத்து மருமகள். கை வேலை செய்தால் வாயும் வேலை செய்தாக வேண்டும் அவளுக்கு. "போகுது போகுதுன்னா எங்க போகுது? சொல்லிக்காம போறதுக்கு அது என்ன கோவிச்சுக்கிட்டுப் போற மாமியாரா?" என்று கீழேயிருந்து கேட்டாள். அந்த நாட்டில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. நம்மைப் போலவே "போயிட்டு வர்றேன்" என்பார்கள்; உள்ளே இருப்பவர் "போயிட்டு வா" என்று பதில் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் உண்டு, கடைக்குப் போகிற கிழவருக்கும் உண்டு. கம்பிக்கு மட்டும் ஏன் இல்லை என்பது ஹிசாயோவின் வாதம். ஆகவே மேலிருந்து மிட்ஸுவே "போயிட்டு வர்றேன்" என்று கம்பியை இறக்குவாள். கீழிருந்து ஹிசாயோ "பிடிச்சாச்சு" என்பதற்குப் பதிலாக "போயிட்டு வா" என்பாள்.

வேலையைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் நெமோட்டோ இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "திரும்பி வர்ற கம்பி எனக்கு வேண்டாம்மா. போனது போனதாவே இருக்கட்டும்" என்றார். வேலை நடக்கிற கூடாரமே சிரித்தது. மிட்ஸுவேக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முகமூடி இருந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை.

ட்ஸுகுபா மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில், பூமிக்கு அடியில் ஒரு வளையம் இருக்கிறது. அதில் எதிரெதிராக ஓடிவரும் இரண்டு துகள் கற்றைகள் ஓரிடத்தில் மோதும். மோதும் இடத்தைச் சுற்றி வைக்கப்போகிற பெரிய உருளைதான் இவர்கள் கம்பி கோத்துக்கொண்டிருந்தது. பழைய உருளை ஒன்று பத்து வருஷம் நன்றாகவே உழைத்தது. ஆனால் கற்றைகளை முன்னைவிடப் பல மடங்கு வலுவாக்கப் போகிறார்கள். அந்த வெள்ளம் வந்தால் பழையதற்குக் கண் இருண்டுவிடும். எந்தத் துகள் எந்தப் பக்கம் போனது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் புதிது வேண்டும், அதில் கம்பிகள் நெருக்கமாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று நெமோட்டோ இதைப் படம் போட்டு விளக்கினார். சுற்று வட்டாரத்துப் பெண்கள் கோவிலில் உபதேசம் கேட்பதுபோல் தலையாட்டினார்கள். மிட்ஸுவே மட்டும் வாயைத் திறந்தாள்.

"மீனு நிறைய வருது, பொடிசும் சேர்ந்து வருது. அதனால கண்ணு சின்னதா வலை வேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா இந்த வலையில மீனு நிக்காது. தாண்டிப் போயிடும். எந்தக் கண்ணு வழியா போச்சுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் நமக்கு" என்றார் நெமோட்டோ.

போன வழி மட்டும் தெரிந்தால் போதும் என்கிற மனிதர்களை மிட்ஸுவே அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அவளுக்கு அது போதவில்லை. அதுகூடக் கிடைக்காதவள் அவள்.

மிட்ஸுவே ஷிகா ஃபுகுஷிமாக் கடற்கரையில் நமியே என்கிற ஊர்க்காரி. கணவன் இவாவோவுக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. அவன் மீன் பிடிப்பான், அவள் வலை பழுது பார்ப்பாள். மகன் ஹிரோமு பிறந்த நாளிலிருந்து அவள் கணவனை "அப்பா" என்றே கூப்பிட்டாள். அந்தக் கடற்கரைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். இப்போது ஊரே இல்லை. பெரிய நிலநடுக்கம், அதன் பின்னால் கடல், அதன் பின்னால் அணு உலை என்று மூன்றும் சேர்ந்து ஊரைத் துடைத்துவிட்டன. மிட்ஸுவேயை ட்ஸுகுபாவில் அரசு ஊழியர்களுக்குக் கட்டிய பழைய குடியிருப்பில் கொண்டுவந்து போட்டார்கள். அங்கே கதிர்வீச்சுப் பயத்தில் ஃபுகுஷிமா நம்பர் வைத்த காரை யாரோ ஆணியால் கீறிவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டதும், அவள் தன் சின்னக் காரைக் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினாள். ஆய்வுக்கூடத்தில் எந்த ஊர் என்று கேட்டால் "வடக்கே" என்பாள். வடக்கே என்றால் பாதி நாடு இருக்கிறது.

கூடாரத்துக்குள் போக வெள்ளை உடை போட வேண்டும். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, கைக்கு உறை, காலுக்கும் உறை. தங்கம் பூசிய கம்பி தலைமுடியைவிட மெல்லியது. ஒரு தூசி ஒட்டினாலும் நாளைக்கு அது கெட்டுப்போகும். முதல் நாள் அந்த உடையைக் கையில் கொடுத்தபோது மிட்ஸுவே ஓர் அடி பின்வாங்கினாள். ஊருக்குள் போய்த் தன் வீட்டைப் பார்த்துவர முதல் தடவை அனுமதி கிடைத்தபோது இதே உடையைத்தான் கொடுத்தார்கள். அங்கே ஊரிடமிருந்து அவளைக் காப்பாற்ற. இங்கே அவளிடமிருந்து கம்பியைக் காப்பாற்ற. உடைக்கு என்ன தெரியும், அது யாருக்குப் போட்டாலும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் நிலம் ஆடி நின்றதும், மேட்டில் இருந்த அவர்கள் வீட்டில் சமையலறை அலமாரி குப்புற விழுந்திருந்தது. கிண்ணமும் தட்டும் நொறுங்கி, சோயா சாஸ் பாட்டில் உடைந்து தரையெல்லாம் கறுப்பாக ஓடியது. மிட்ஸுவே மண்டியிட்டுச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாராவது காலில் குத்திக்கொள்ளக் கூடாதே என்பது ஒன்றுதான் அவள் கவலை. ஊர் முழுதும் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. இவாவோ படகை ஆழத்துக்குக் கொண்டுபோகக் கிளம்பினான். அலை கரையில்தான் கொலைகாரன், ஆழத்தில் அது வெறும் மேடு, ஏறி இறங்கிவிடலாம் என்பது மீனவர் கணக்கு. கணக்கு தப்பில்லை. அவனுக்குச் சற்று முன்னால் போனவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.

சமையலறைக் கதவருகே நின்று "போயிட்டு வர்றேன்" என்றான்.

"ம்ம், போயிட்டு வாங்க" என்றாள் அவள். தலையைத் தூக்கவில்லை. கையில் ஒரு சில்லு இருந்தது.

சொல்லாமல் விட்டிருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. பதட்டம், மறந்துவிட்டாள் என்று தன்னைத் தானே மன்னித்துவிடலாம். அவள் சொன்னாள், முப்பது வருஷமாகத் தினமும் சொன்ன வாய் அன்றைக்கும் சொல்லிவிட்டது. வாய் மட்டும்தான் சொன்னது.

மறுநாள் காலை அணு உலை ஆபத்து என்று பஸ் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. கடற்கரையில் தேடவே மாதக்கணக்கில் ஆளில்லை. மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் அட்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அங்கே குளிர் எலும்பைத் தின்றது. வீட்டில் போட்டுக்கொள்ளும் பஞ்சு அடைத்துத் தைத்த சட்டையைக்கூட எடுத்து வரவில்லையே என்று மிட்ஸுவே தன்னையே நொந்துகொண்டாள். ஒருநாள் தூக்கமில்லாத கண்ணோடு ஓர் இளம் போலீஸ்காரர் வந்தார். காணாமல் போனவர் பெயர், வயது, உயரம் எல்லாம் கேட்டுவிட்டு, "கடைசியா என்ன உடுத்தியிருந்தார்?" என்றார்.

பக்கத்தில் ஹிரோமு உட்கார்ந்திருந்தான். வேறு ஊரில் தொழிற்சாலை வேலையிலிருந்து அம்மாவைத் தேடிப் பிடித்து வந்து சேர்ந்தவன். அப்பாவைக் கடைசியாகப் பார்த்தவள் அம்மா என்று நம்பிக்கொண்டிருந்தவன். அவன் முகத்தைப் பார்த்தபோது "நான் பாக்கல" என்று மிட்ஸுவேயால் சொல்ல முடியவில்லை.

"நீல ஸ்வெட்டர். மேல ஆரஞ்சு மழைக்கோட்டு" என்றாள்.

முழுப் பொய்யும் இல்லை. மார்ச் மாதக் குளிரில் அவன் தினமும் போடுகிறது அதுதான். அன்றைக்கும் போட்டிருப்பான் என்று தன்னையே நம்ப வைத்துக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்து வெள்ளை உடை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, குளியலறைக் கொடியில் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே நீல ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்து, விறைத்து, அவள் துவைத்துப் போட்டபடியே.

ஹிரோமு வெளியே கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிட்ஸுவே ஸ்வெட்டரை மடித்து மெத்தைகளுக்கு அடியில் செருகிவிட்டு வெளியே வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்பார்களே, அதைத்தான் செய்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. உண்மையைச் சொன்னால் மகன் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால், உலகத்தில் எங்கேயாவது இவாவோ கிடைத்திருந்தாலும் யாரும் அவனை இவாவோ என்று அறியப்போவதில்லை. ஹிரோமு ஒவ்வொரு தடவை வரும்போதும், இறந்துவிட்டார் என்று பதிந்துவிட்டு ஒரு கல்லாவது நடலாம் என்பான். "கிடைக்கட்டும்" என்பாள் அவள். எதை வைத்துக் கிடைக்கும் என்று அவளுக்கே தெரியாது. இந்த நிலையில்தான் தினமும் மேல்தட்டில் நின்று, ஒவ்வொரு கம்பிக்கும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் ஒரே இடத்தில் குத்தியது. குத்தட்டும் என்றுதான் சொன்னாள்.

வசந்தம் முடிகிற சமயத்தில் கம்பி வேலை பாதியைத் தாண்டியது. உள்ளிருந்து வெளியே, ஒரு சுற்று முடிந்ததும் அதன்மேல் அடுத்த சுற்று என்று போகும். முடிந்த சுற்றுகளில் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல அதிரவைத்து, இழுவை சரியா என்று பார்க்கிற குழு ஒன்று உண்டு. அவர்கள் ஒருநாள் நெமோட்டோவைத் தனியாகக் கூப்பிட்டார்கள். ஓர் உள்சுற்றில் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றன. இறக்கும்போதே ஒன்று மற்றொன்றைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அந்தப் பகுதியே செத்துப்போகும். அதன்மேல் அதற்குள் பல சுற்றுகள் போட்டாகிவிட்டது. அந்த ஒன்றை எடுக்க, மேலே போட்ட நல்ல கம்பிகளையும் வெட்டியாக வேண்டும். துணுக்கு உள்ளே விழாமல், ஒவ்வொன்றாக.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோரும் வழக்கம்போல் வரிசையாக நின்றார்கள். நெமோட்டோ நடந்ததைச் சொன்னார். யார் என்று கேட்கவில்லை. அங்கே அப்படிக் கேட்பது வழக்கமில்லை. யார் செய்தார்கள் என்பது முக்கியமில்லை, சரி செய்வோம், என் மேற்பார்வைதான் குறை என்று தலை குனிந்தார். ஆனால் அந்தச் சுற்றை யார் கோத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அவர்கள் இருவர் பக்கமும் திரும்பாமல் இருந்தார்கள். திரும்பிப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

கம்பியை இறக்கும்போது கை ஆடியிருக்குமோ என்று மிட்ஸுவே யோசித்தாள். தான்தான் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் ஹிசாயோ ஓர் அடி முன்னால் வந்து நின்றாள். எப்போதும் சிரிக்கிற அந்த வட்ட முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான். கம்பி கைக்கு வந்துச்சு, துளையில போட்டேன். ஆனா டார்ச் அடிச்சு மேல பாக்கல. பாக்கறதுக்கு முன்னாடியே வாய் 'போயிட்டு வா'ன்னு சொல்லிடுச்சு. நான் சொன்னதை நம்பித்தான் மிட்ஸுவே அக்கா நசுக்கினாங்க." இடுப்பு வரை குனிந்தாள். குனிந்தபடியே சொன்னாள்: "காரணம் ஒண்ணும் இல்ல. பழக்கம்."

மிட்ஸுவே ஹிசாயோவின் குனிந்த முதுகையே பார்த்தாள். தன் வாயால் ஒருநாளும் சொல்ல முடியாதது, வேறொருத்தி வாயிலிருந்து, இத்தனை பேர் முன்னால், இவ்வளவு சுலபமாக வந்து விழுந்துவிட்டது. சுலபமாக இல்லை. ஹிசாயோ இன்னும் நிமிரவில்லை.

வெட்டுகிற வேலையும் அவர்களுக்கே வந்தது. மேலே மிட்ஸுவே கம்பியின் தலையை விரல்களில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழாயை வெட்டுவாள். பிடி தளராமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். கீழே ஹிசாயோ இழுத்துச் சுருட்டுவாள். அன்றைக்குப் போகும் சொல்லும் இல்லை, வரும் சொல்லும் இல்லை. முழுக் கம்பியும் கைக்கு வந்து சேர்ந்ததும் "வந்துச்சு" என்று மட்டும் கீழிருந்து ஒரு குரல் கேட்கும்.

மத்தியானம் ஹிசாயோ சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வெளியே வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். மிட்ஸுவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரில் யாருக்கும் சொல்லாததை, மகனுக்குச் சொல்லாததை, தாமரைக்கிழங்கு வீட்டு மருமகளிடம் சொன்னாள். சில்லு, சோயா சாஸ், கதவருகே வந்த குரல், நீல ஸ்வெட்டர், கிளிப்பு. சொல்லி முடித்து, "நானும் பாக்காம சொன்னவதான்" என்றாள்.

ஹிசாயோ ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் இல்லை. கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கடற்கரை ஆளுன்னு வந்த வாரமே தெரியும் எனக்கு. பேச்சு எங்க பேச்சுதான், உப்பு கொஞ்சம் கூட. நீங்களா சொல்லாதப்ப நான் ஏன் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "போலீஸ்ல சொன்னீங்களா, ஸ்வெட்டர் வீட்டுலயே இருக்குன்னு?"

"இல்ல."

"நான் காலையில சொன்னேனே, அத்தனை பேர் முன்னாடி. செத்தா போயிட்டேன்?" என்றவள், உடனே குரல் இறங்கி, "எனக்கு வெட்டிட்டு வேற கம்பி போட்டுக்கலாம். உங்களுக்கு வேற இல்ல. தெரியும். இருந்தாலும் சொல்லிடுங்க மிட்ஸுவே அக்கா" என்றாள்.

மகனுக்குச் சொல்வதைவிட முகம் தெரியாதவருக்குச் சொல்வது எளிது. மிட்ஸுவே முதலில் போலீசைத்தான் கூப்பிட்டாள். எடுத்தவர் வயதானவர், பேச்சில் அவள் கடற்கரை வாடை அடித்தது. அவர் திட்டவில்லை. ஏன் இத்தனை நாள் என்று கேட்கவுமில்லை. "சரிம்மா. அப்ப அவரு போட்டிருந்தது என்னன்னு தெரியாது. வீட்டுக்குப் போங்க. எது இருக்குன்னு பாக்காதீங்க. எது இல்லைன்னு பாருங்க" என்றார்.

பகலில் மட்டும் ஊருக்குள் போய்வரலாம் என்று அப்போது தடையைத் தளர்த்தியிருந்தார்கள். ஹிரோமுதான் காரை ஓட்டினான். வடக்கு நோக்கிப் போகிற வழியில், அவன் முகத்தைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடி மிட்ஸுவே சொல்லி முடித்தாள். அவன் காரை ஓரமாக நிறுத்தினான்.

"ரெண்டு வருஷமா நான் நீலத்தைத் தேடிட்டிருக்கேன்மா" என்றான். "கரையில நீலமா ஒரு சாக்கு கிடந்தாக்கூட ஓடியிருக்கேன். உனக்குத் தெரியும். நீ பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்த."

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் மறுபடி காரை எடுத்தான்.

வீட்டில் எலியும் காட்டுப்பன்றியும் குடித்தனம் நடத்தியிருந்தன. ஹிரோமு அப்பாவின் அலமாரியை ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்தான். சட்டைகள் இருந்தன. தடித்த காலுறைகள் இருந்தன. ஆரஞ்சு மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் இல்லை, அது தெரிந்ததே. குளிருக்கு உள்ளே போடும் துணி ஒன்றுகூடக் குறையவில்லை. மார்ச் மாதக் கடலுக்கு வெறும் சட்டைமேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டா போனார் என்று ஹிரோமு தனக்குத் தானே கேட்டுக்கொண்டான். மிட்ஸுவே சமையலறை வாசலில் நின்றாள். சோயா சாஸ் கறை தரையில் அப்படியே காய்ந்து கிடந்தது. கதவுக்குப் பின்னால் கொக்கி ஒன்று காலியாக இருந்தது.

"அந்தக் கொக்கியில என்னம்மா இருக்கும்?" என்றான் ஹிரோமு.

"அது அப்பா கொக்கி இல்லடா. என்னோடது" என்றாள். சொல்லி முடிக்கிறபோதே அவள் கை அந்தக் காலிக் கொக்கிக்குப் போனது.

அவளுடைய பஞ்சுச் சட்டை. கையில்லாதது, ஊதாவில் சின்ன வெள்ளைப் பூ, பெண்கள் வீட்டுக்குள் போட்டுக்கொள்வது. அந்த விளையாட்டுக் கூடத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு, எடுக்காமல் வந்துவிட்டோமே என்று நொந்துகொண்டாளே, அது. இவாவோவுக்குத் தன் துணியைத் தேடிப்போகச் சோம்பல். குளிர் என்றால் கைக்கு எட்டுகிற அந்தக் கொக்கியில் இருப்பதை எடுத்து மாட்டிக்கொள்வான். தோள் பக்கம் இழுத்து இழுத்து அவள் சட்டையைத் தன் சட்டையாக்கி வைத்திருந்தான். மீன் நாற்றம் வேறு. ஒவ்வொரு குளிர்காலமும் அதற்காகச் சண்டை உண்டு. மூன்றாவது பட்டன் தெறித்தபோது, தையல் நூலை நம்பாமல் அவள் தூண்டில் நரம்பாலேயே தைத்து வைத்தாள்.

போலீஸ்காரருக்கு அங்கிருந்தே சொன்னாள். நிறம், பூ, பட்டன், நரம்பு. மறுமுனையில் காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டு, ஓரிடத்தில் நின்றது. பிறகு அவர், மகனை மட்டும் ஒரு நடை வரச் சொல்லுங்கம்மா, மரபணு ஒத்துப் பாக்க எச்சில் எடுக்கணும் என்றார். இல்லாத ஆசையை மூட்டிவிடக் கூடாது என்று வேறெதையும் சொல்லவில்லை. ஆனாலும் இவாவோ கிடைத்துவிட்டான் என்று அவள் அறிந்துகொண்டாள்.

முடிவு தெரிய வாரக்கணக்கில் ஆனது. மழைக்காலம் வந்தது. மிட்ஸுவே வேலைக்குப் போனாள். வேறு எங்கே போவாள்? வெட்டிய கம்பிகள் இருந்த இடத்தில் புதியவற்றைக் கோத்தார்கள். வழக்கத்தை விட்டுவிடலாம், பழையபடி "போகுது" என்றே சொல்லலாம் என்று ஹிசாயோ சொன்னாள். வேண்டாம் என்றாள் மிட்ஸுவே. "போயிட்டு வர்றேன்" என்று மேலிருந்து கம்பி போகும். கீழே டார்ச் வெளிச்சம் ஏறி, நின்று, ஒவ்வொரு பக்கமாகத் திரும்பும். பதில் வரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மிட்ஸுவேக்குப் பிடித்திருந்தது. யாரோ பார்க்கிறார்கள்.

கிடைத்தது இவாவோதான் என்று தெரிந்த பிறகு தாயையும் மகனையும் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க் கோவிலுக்கு வரச் சொன்னார்கள். நிலநடுக்கம் வந்த வருஷத்துக் கோடையிலேயே அந்தக் கரையில் ஒதுங்கியிருக்கிறான் இவாவோ. கடல் மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். ஆண் என்று எலும்பு சொன்னது. உடம்பில் ஒட்டியிருந்தது பெண்ணின் உடுப்பு. பெண்ணின் பஞ்சுச் சட்டை போட்ட ஆணைத் தேடிக்கொண்டு எந்தக் குடும்பமும் வரவில்லை. நீல ஸ்வெட்டர்க்காரனைத் தேடியவர்களுக்கு அவன்மேல் கண் போகவில்லை. எரித்து, பெட்டியில் போட்டு, பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை ஒட்டிக் கோவில் அலமாரியில் வைத்துவிட்டார்கள். அவர்கள் நீலத்தைத் தேடிக் கரை கரையாக நடந்த காலமெல்லாம் அவன் அங்கே, மழை படாமல், வந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பூசாரி வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியைக் கொண்டுவந்து ஹிரோமுவின் கையில் கொடுத்தார். போனில் பேசிய வயதான போலீஸ்காரரும் வந்திருந்தார். கண்ணாடித்தாள் பையிலிருந்து பஞ்சுச் சட்டையை எடுத்து விரித்து, "கேக்க வேண்டியது முறைம்மா. இது உங்க வீட்டுக்காரரோடதா?" என்றார்.

"இல்ல. என்னோடது" என்றாள் மிட்ஸுவே.

ஊதா வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டிருந்தது. மற்ற பட்டன்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. மூன்றாவது மட்டும் தூண்டில் நரம்பைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றாள். ஹிரோமு அன்று காரிலும் பேசவில்லை, கோவில் வாசலிலும் பேசவில்லை. இப்போது பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் அம்மாவின் முழங்கையைப் பிடித்தான்.

"பாத்திருந்தா திட்டியிருப்பேன்டா" என்றாள் அவனிடம். "மறுபடியும் என்னோடதையா எடுத்தீங்க, கழட்டி வெச்சிட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேன். கழட்டியிருப்பாரு. நான் சொன்னா கேப்பாரு."

சட்டையை மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்து, மகன் கையில் இருந்த பெட்டிமேல் போர்த்தினாள்.

"எவ்வளவு குளிரு அன்னைக்கு" என்றாள். "நல்லவேளை, நான் பாக்கல."